வழக்கால் வந்த மவுசு

1970-களில் ஜப்பானில் செய்த பழைய நகல் கிட்டார் ஒன்றை நல்ல விலைக்குத் தள்ள வேண்டுமா? அது எப்படி ஒலிக்கிறது, கழுத்து நேராக இருக்கிறதா, ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ‘லாசூட் கிட்டார்’, அதாவது வழக்குக் கிட்டார், என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். அசலைச் செய்த அமெரிக்கக் கம்பெனி கிப்சனே பயந்து கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு அச்சு அசலாகச் செய்த கிட்டாராக்கும் என்று வாங்குபவர் தானாகவே புரிந்துகொள்வார். மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். கிப்சனும் 1969-இல் கைமாறி, பிற்பாடு நார்லின் என்று பெயர் பெற்ற குழுமத்தின் பிடிக்குள் போனது. அதன்பின் இரண்டு இடத்திலும் கணக்குப்பிள்ளைகளின் கை ஓங்கியது. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகள் 1971-இல் மூன்றாயின. கிப்சனின் லெஸ் பால் கிட்டாரின் உடலை அடுக்கடுக்காக ஒட்டினார்கள். தோளில் மாட்டினால் தோள் இறங்கும் கனம் வேறு. 1958-இலிருந்து 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பாலைப் போல ஒன்று கொடு என்று கேட்டவனிடம் 1970-களின் தொடக்கத்தில் கிப்சன் நீட்டியது சின்ன பிக்கப் வைத்த டீலக்ஸ் மாடலை. அதே நேரத்தில் ஜப்பானின் மாட்சுமோட்டோ, ஹமாமட்சு தொழிற்சாலைகள் கேட்டதைக் கேட்ட வடிவில், மிகக் குறைந்த விலையில் செய்து கப்பலேற்றின. ஆகவே இந்த நகல்கள் அதே காலத்து அசலைவிட மேலானவை. கைதேர்ந்த ஆசாரிகள் பழுத்த மரத்தில் இழைத்தவை. தலையில் வேறு பெயர் இருந்த ஒரே காரணத்தால் மலிவாகப் போனவை. விலை இன்னும் ஏறுவதற்குள் வாங்கிப் போட வேண்டியவை. இதுதான் அந்த வாதம்.

இதில் உண்மை இல்லாமலில்லை. 1982-இல் ஃபெண்டரே காண்டா ஷோகாய், யாமானோ கக்கி என்ற இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து, மாட்சுமோட்டோவின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் தன் பெயர் போட்ட கிட்டார்களைச் செய்ய ஆரம்பித்தது. அங்கே வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதற்குமேல் சாட்சி எதற்கு? ஆனால் அந்தச் சாட்சியின் ஆண்டைக் கவனியுங்கள். 1972-இல் செய்ததையும் 1982-இல் செய்ததையும் ஒரே மூட்டையில் கட்டி, மூட்டை முழுக்கத் தங்கம் என்று கூவுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

1. அந்த வழக்கு எதைப் பற்றியது என்று யாராவது கேட்டார்களா? 1977 ஜூன் 28 அன்று கிப்சனின் உரிமையாளரான நார்லின், பிலடெல்பியாவில் உள்ள மத்திய மாவட்ட நீதிமன்றத்தில், எல்ஜர் என்ற கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஜப்பானின் ஹோஷினோ கக்கி நிறுவனத்துக்காக ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த கம்பெனி அது. புகாரின் மையம் கிட்டாரின் தலை. இன்னும் குறிப்பாகச் சொன்னால், தலையின் மேல் விளிம்பு. கிப்சனில் அது விரித்த புத்தகத்தின் ஓரம் மாதிரி நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தோடு இருக்கும். அந்த வளைவு எங்கள் வணிகச் சின்னம், அதை எடுத்தாளாதே என்பதுதான் நார்லினின் கட்சி. மரம், பிக்கப், ஒலி, கைக்கு வாகான கழுத்து எதுவும் வழக்கின் விஷயமே இல்லை. 1978 தொடக்கத்தில் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டன. தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. இதைவிட வேடிக்கை, மனு தாக்கலாவதற்கு முன்பே ஐபனெஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது.

சின்னத்தைக் காப்பாற்ற வக்கீல் நோட்டீஸ் விடும் கம்பெனி, எதிராளியின் சரக்கு உயர்ந்தது என்று நற்சான்று கொடுப்பதில்லை. சரக்கு படுமட்டமாக இருந்தாலும் அதே நோட்டீஸ்தான் வரும். சொல்லப்போனால் இன்னும் சீக்கிரமாக வரும்.

2. வழக்கு யார் மேல்? ஒரே ஒரு இறக்குமதிக் கம்பெனி மேல். நகல்களை விற்ற மற்ற பிராண்டுகளான டோக்காய், கிரெக்கோ, ஆரியா, யூனிவாக்ஸ், எலெக்ட்ரா எதுவும் அதில் பிரதிவாதி இல்லை. ஃபெண்டருக்கு அந்த வழக்கில் வேலையே கிடையாது. இருந்தும் ‘லாசூட் ஸ்ட்ராட்’ என்று கூசாமல் விளம்பரம் போடுகிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது.

3. சரி, தேதிகளையாவது வரிசையாக அடுக்கிப் பார்த்தவர்கள் உண்டா? பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே விழுந்திருக்கும். லாசூட் என்ற பட்டத்தை நியாயமாகச் சூட்டக்கூடியவை 1977-க்கு முந்தைய, விரித்த புத்தகத் தலை வைத்த ஐபனெஸ்கள் மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி, கழுத்தைத் திருகாணியால் முடுக்கிய ஆரம்பகாலச் சரக்கு. ஜப்பானிய நகல்களில் விவரம் தெரிந்தவர்கள் மதிக்கிறவை எவை? டோக்காய் 1978-இல் கொண்டுவந்த லெஸ் பால் நகலும் அதன் தொடர்ச்சியான லவ் ராக் வரிசையும்; கிரெக்கோவின் சூப்பர் ரியல் வரிசை; 1982-க்குப் பிந்தைய ஃபெண்டர் ஜப்பான் கிட்டார்கள். எல்லாம் வழக்கு முடிந்து தூசி அடங்கிய பின் வந்தவை. அவற்றில் பல முதன்மையாக ஜப்பானிய வாங்குநருக்காகவே செய்தவை. அமெரிக்கக் கோர்ட்டின் வாசலைக் கூட மிதிக்காதவை.

ஜப்பானுக்குள் நடந்தது இன்னும் சுவாரசியம். பர்னி என்ற பெயரில் லெஸ் பால் நகல்களை விற்ற ஃபெர்னாண்டஸ் நிறுவனத்தோடு கிப்சன் மோதிய வழக்கில், 2000-இல் டோக்கியோ உயர் நீதிமன்றத்தில் கிப்சன் தோற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சந்தை முழுக்க நகல்கள் ஓடிக்கொண்டிருக்கச் சும்மா இருந்துவிட்டு, இந்த உடல்வடிவம் எங்கள் ஒருவரைத்தான் அடையாளம் காட்டுகிறது என்று இப்போது சொல்வது செல்லாது என்பது அதன் சாரம். ஆக, நல்ல நகல்கள் விளைந்தது வழக்கு வந்த நிலத்தில் இல்லை. வழக்கு வராத நிலத்தில். லாசூட் என்ற முத்திரை சுட்டுவிரலை நீட்டுவது தவறான கிட்டாரை நோக்கி.

4. பின்பக்கத் திருகாணிகளை என்றைக்காவது கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 1970-களின் முற்பாதி லெஸ் பால் நகல் ஒன்றைக் குப்புறப் போடுங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு உலோகத் தகடு. அதன்மேல் ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’ என்ற முத்திரை. நான்கு மூலையிலும் திருகாணி. அசல் லெஸ் பாலில் இப்படி ஒரு தகடே கிடையாது. கழுத்தை உடலுக்குள் செருகிப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். 1952-இலிருந்தே அப்படித்தான். ‘அச்சு அசல்’ என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இப்போது திருப்பிப் போட்டு, கழுத்தருகே உள்ள பிக்கப்பின் சட்டத்தில் இருக்கும் நான்கு சின்னத் திருகாணிகளை எடுத்து, பிக்கப்பைத் தூக்குங்கள். குழியின் விளிம்பில் வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறிமாறி வரிவரியாகத் தெரிகிறதா? அதுதான் பிளைவுட். பல மாடல்களில் வளைந்த மேல்பகுதியே அச்சில் வைத்து அழுத்திய ஒட்டுப்பலகை; அதற்கும் கீழ் உடலுக்கும் இடையில் வெற்றிடம். விரல் கணுவால் தட்டினால் பிரிட்ஜ் பக்கம் கட்டையாகவும் ஓரம் போகப்போகக் கூடாகவும் கேட்கும். பிக்கப்பின் மூடியையும் திறக்கத் துணிந்தால் இன்னொன்று காத்திருக்கிறது. சேத் லவர் 1955-இல் கிப்சனுக்காகக் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் பிக்கப்பின் சாரமே இரண்டு சுருள்கள்; ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். மலிவு நகல்கள் பலவற்றில் ஹம்பக்கர் அளவு மூடிக்குள் ஒரே ஒரு சுருள்தான் உட்கார்ந்திருக்கும். மூடி மட்டும் பளபளவென்று கிப்சன்.

எல்லா நகலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. மேக்ஸான் செய்து ஐபனெஸுக்கும் கிரெக்கோவுக்கும் கொடுத்த பிக்கப்கள் மரியாதைக்குரியவை. அந்தக் கூடு விழுந்த பிளைவுட் உடலுக்கும் ஒரு தனி ஒலி உண்டு. எனக்கே அது பிடிக்கும். பிடித்தால் அந்த ஒலிக்காக வாங்குங்கள், யார் தடுத்தது? அதை லெஸ் பால் ஒலி என்று சொல்லி, லெஸ் பாலை அளவுகோலாக வைத்து விலை கேட்பதில்தான் கோளாறு.

5. அமெரிக்கா சரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஜப்பான் தானாக ஏறிவிட்டதா? ஒரு பள்ளியின் கடைசி பெஞ்சு மாணவனையும் இன்னொரு பள்ளியின் முதல் மாணவனையும் பக்கத்தில் நிறுத்திப் பள்ளிகளின் தரத்தை எடைபோடுவது போன்ற ஒப்பீடு இது. 1976-இன் மோசமான லெஸ் பாலுக்கு எதிரே நிறுத்தப்படுவது எப்போதும் 1980-இன் சிறந்த டோக்காய்தான். 1973-இன் சாதாரண நகலை, 1973-இன் சாதாரண கிப்சனுக்கு எதிரே நிறுத்திக் காட்டட்டும்.

அதிலும் ஒரு முரண் இருக்கிறது. நார்லின் காலத்துக் கிப்சனை ஏசும்போது முதல் குற்றமாகச் சொல்வது உடல் பல அடுக்காக ஒட்டப்பட்டது என்பதை. மஹாகனிப் பலகைகளுக்கு நடுவே மெல்லிய மேப்பிள் தகடு ஒன்று வைத்து ஒட்டியதற்கு இத்தனை வசவு. அதே வாய் பிளைவுட் உடல் நகலை எடுத்ததும் ‘பழைய ஜப்பானிய மரம்’ என்று உருகுகிறது. அடுக்கு ஒட்டுதல் பாவம் என்றால் இரண்டு கரைக்கும் பாவம்தானே. மூன்று திருகாணி விஷயமும் இப்படித்தான். திருகாணி மூன்றா நான்கா என்பதைவிட, கழுத்து உட்காரும் குழியை இறுக்கமாகச் செதுக்காமல் விட்டதுதான் அந்தக் கால ஃபெண்டர்களில் கழுத்து ஆடியதற்குப் பெரிய காரணம். நகல்களில் குழி தளர்ந்து, காகிதமோ மரச்சீவலோ செருகி நிமிர்த்திய கழுத்துகளைக் கண்டவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

6. மரம் பழுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒட்டுப்பலகையில் பாதி பசை. ஐம்பது ஆண்டு கிடந்தாலும் அது மஹாகனி ஆகாது. மேலே பூசியிருப்பதும் பெரும்பாலும் தடித்த பாலியூரித்தேன். அசலின் மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் கிடையாது. ஃபெண்டர் ஆஷ் மரத்தில் செய்ததை அங்கே சென் மரத்தில் செய்தார்கள். கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் ஆஷ் என்றே சொல்கிறார்.

‘இத்தனை காலம் தாங்கி நிற்கிறதே, அதுவே தரத்துக்குச் சாட்சி’ என்று ஒரு வாதம். தாங்காதவை குப்பைக்குப் போய்விட்டன. அவை சாட்சி சொல்ல வராது. மிச்சமிருப்பவற்றில் சில நன்றாக இருந்ததால் பேணப்பட்டவை. இன்னும் சில வாசிக்கவே சகிக்காததால் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தவை. 1974-இல் செய்த கிட்டார், ஃப்ரெட் துளிகூடத் தேயவில்லை என்று விளம்பரம் வந்தால் எனக்கு உடனே எழும் கேள்வி, ஏன் இதை ஒருவரும் வாசிக்கவில்லை என்பதுதான்.

7. ஆசாரிகளின் கைவண்ணம் என்கிறீர்களே, அந்தத் தொழிற்சாலைகள் என்ன சொல்லி விற்றன தெரியுமா? மாட்சுமோக்கு சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்த தொழிற்சாலை. மரத்தை உலர்த்துவது, அறுப்பது, ஒட்டுவது, பூசுவது எல்லாவற்றையும் மெஷினில், அளவு பிசகாமல், ஆயிரக்கணக்கில் செய்யத் தெரிந்த இடம். ஃபுஜிகென்னும் ஏற்றுமதி ஆர்டருக்கு வரிசையாக வேலை நடந்த பெரிய ஆலை. அவர்கள் சாதித்தது ஒழுங்கான ஆலை உற்பத்தி. அது சின்ன விஷயமா? முதியவர் ஒருவர் மலையடிவாரத்துப் பட்டறையில் உட்கார்ந்து இழைத்தார் என்ற கற்பனை, அந்த ஆலைத் தொழிலாளியின் உண்மையான திறமையை மறைக்கிறது.

தரம் ஒன்றே என்று அந்தக் கம்பெனிகளே சொல்லவில்லை. கிரெக்கோ ஈ.ஜி.-500 என்றால் 50,000 யென். டோக்காய் எல்.எஸ்.-50 என்றாலும் 50,000 யென்; எல்.எஸ்.-200 என்றால் 2,00,000. மாடல் எண்ணே விலை. எண் ஏற ஏற மேல்பலகை எத்தனை துண்டு, எந்த பிக்கப், எந்தப் பூச்சு என்பதெல்லாம் மாறும். இதைவிட நேர்மையாக ஒரு கம்பெனி தன் சரக்கைத் தரம் பிரித்துக் காட்ட முடியாது. நாற்பது ஆண்டு கழித்து வரும் வியாபாரி அந்தப் படிகளையெல்லாம் தட்டி நிரவிவிட்டு, ‘எல்லாம் மாஸ்டர்கள் செய்தது’ என்கிறார். கடைநிலை மாடலுக்கும் உச்ச மாடலின் புகழை ஒட்டி விற்கிறார்.

8. இவற்றின் கவர்ச்சியே மலிவுதான். மலிவு போனபின் மிச்சமென்ன? 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென். அந்த ஆண்டின் முடிவில் 308. பிறகு நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். டாலரின் மதிப்பை இறக்க 1985-இல் செய்த பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் எகிறியது; மலிவு ஆர்டர்கள் கொரியாவுக்குப் போயின; 1987-இல் மாட்சுமோக்கு மூடப்பட்டது. அந்தக் கிட்டார்களின் குறைந்த விலைக்கு நாணய மாற்றும் கூலியும் பெரிய காரணங்கள். உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட ரகசியம் ஒன்றும் அதில் இல்லை. ராக் கலைஞர் கர்ட் கோபேன் யூனிவாக்ஸ் ஹை-ஃப்ளையரை எடுத்ததும் மலிவு என்பதால்தான். மேடையில் உடைத்தாலும் கட்டுப்படியாகும். அவர் வாசித்தார் என்பதற்காகவே இன்று அதற்கு அதிக விலை கொடுப்பது, அவர் செய்ததற்கு நேர் எதிரான காரியம்.

இந்த மவுசின் விளைவுகள் வாங்குபவர் தலையில் விடிகின்றன. ஐபனெஸ் கிட்டார்களில் மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு இரண்டு இலக்கமும் கொண்ட வரிசை எண் 1975-இல்தான் வருகிறது. அதற்கு முந்தையவற்றில் எண்ணே கிடையாது. ஆனால் ‘1972 மாடல்’ என்று அடித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கொரியாவில் செய்த ஹோண்டோ கிட்டார்களும் ஜப்பான் என்ற பெயரில் கைமாறுகின்றன. நல்ல நகலின் தலையைச் சுரண்டிக் கிப்சன் என்று எழுத்து ஒட்டி விற்கும் மோசடி தனி. வாங்கியபின் பிரிட்ஜ் மாற்றலாம் என்று போனால், அமெரிக்க அளவில் செய்த உதிரிபாகம் ஜப்பானின் மில்லிமீட்டர் துளைகளில் உட்காராது. சென்னையில் இருந்துகொண்டு படத்தை மட்டும் பார்த்து டோக்கியோ கடைக்குப் பணம் கட்டுபவர் நிலை இன்னும் மோசம். திருகாணியைக் கழற்றிப் பார்க்க அவருக்கு வழியில்லை. கப்பல் கூலி, சுங்கவரி கட்டி, பிரித்த பிறகுதான் பிளைவுட் வரி தெரியும். அந்தப் பணத்துக்கு இன்றைய இந்தோனேசியக் கிட்டார் ஒன்று, நேரான கழுத்தோடும் உத்தரவாதத்தோடும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

9. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது இது. ஜப்பானியக் கிட்டார் என்றால் நல்ல நகல் என்று புகழ்வது பாராட்டா, அவமானமா? அதே 1970-களில் அதே ஆலைகளிலிருந்து சொந்த வடிவங்களும் வந்தன. ஐபனெஸின் ஆர்ட்டிஸ்ட், 1975-இன் ஐஸ்மேன். யமஹாவின் எஸ்.ஜி.-2000 வந்தது 1976-இல்: உடலின் நடுவே தலையிலிருந்து வால்வரை ஓடும் கழுத்து, கார்லோஸ் சான்டானா மேடையில் பிடித்த கிட்டார். இவற்றில் பிளைவுட் ஒளிந்திருக்கவில்லை, தலையில் அடுத்தவர் வளைவு இல்லை, வழக்குக் கதையும் தேவைப்படவில்லை. பழைய ஜப்பானியக் கிட்டார் மேல் உண்மையிலேயே காதல் என்றால் பேச்சு இவற்றிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்? ஆனால் பேச்சு மறுபடி மறுபடி அந்த விரித்த புத்தகத் தலைக்கே போய் நிற்கிறது. வழக்குப் போட்ட அதே 1977-இல் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனோடு சேர்ந்து ஐபனெஸ் உருவாக்கிய ஜி.பி.-10 இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. லெஸ் பால் நகலை அந்தக் கம்பெனி 1970-களோடு விட்டுவிட்டது.